எண்ணெய் சுரந்த இயந்திரம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எந்தப் பட்டறையிலும் நிகழாத ஓர் அற்புதம் என் அக்கா வீட்டுக் கொட்டகையில் நிகழ்ந்தது. நடுவயதைத் தாண்டிய ஒரு டீசல் டிராக்டர், தனக்கு வேண்டிய எஞ்சின் ஆயிலைத் தானே சுரக்கத் தொடங்கியது. ஓட ஓடக் குறைவதுதான் ஆயிலின் குணம் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்த விஞ்ஞானம், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேற வேண்டியதாயிற்று.

இந்த அறிவிப்பை முதலில் வெளியிட்டவர் என் அத்தான். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

அத்தான், பழைய டிராக்டர் உரிமையாளர் நலச் சங்கத்தின் தலைவர். டிராக்டர் என்னவோ அக்காவுடையது. அப்பா அவளுக்கென்று விட்டுப்போனது. உரிமையாளருக்கே உரிமையாளர் என்ற தகுதியில் அத்தான் சங்கத்தில் சேர்ந்தார். நாற்காலிகளை எடுத்துப் போட வேறு யாரும் முன்வராத ஒரு கூட்டத்தில் தலைவரானார். அன்றிலிருந்து அவர் கழுத்து லேசாகப் பின்னால் சாய்ந்துவிட்டது. நம்மைப் பார்ப்பதென்றால் மூக்குக்கு மேலாகத்தான் பார்ப்பார்.

வீட்டில் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. உழுவது, டிரெய்லரில் மண்ணும் செங்கல்லும் அடிப்பது, கிரீஸ் வைப்பது, டயர் கழற்றி மாட்டுவது, வாடகைக்கு ஆள் பிடிப்பது ஆகிய சில்லறை வேலைகள் அக்காவுக்கு. ஆயில் இலாகா அத்தானுக்கு. அதாவது, தினமும் காலையில் கொட்டகைக் காற்று ஒத்துக்கொள்ளாது என்று மூக்குக்குக் கீழே தைலத்தைத் தாராளமாகத் தடவிக்கொள்வார். ஆணியில் தொங்கும் வெள்ளைக் கைக்குட்டையை எடுப்பார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எஞ்சினிலிருந்து உருவி, துடைத்து, மறுபடி விட்டு, உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு, ஒரு நாளின் உழைப்பை முடித்த மனிதனாக டீ கேட்பார். அந்தக் கம்பியை வேறு யாரும் தொடக்கூடாது. ஒருமுறை அக்கா தொட்டுவிட்டாள். "என் இலாகால நீ தலையிடாத. நான் உன் ஸ்டியரிங்கைத் தொடறேனா?" என்றார். அவருக்கு ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்ட ஒரு காலைப் பொழுதில்தான் ஆயில் மட்டம் கம்பியின் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. அத்தான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. சில நாள் கழித்து இன்னும் ஏறியிருந்தது. அத்தான் அரத்தை எடுத்து, கம்பியில் மேல்கோட்டுக்கு மேலே தன் கையால் ஒரு கோடு போட்டார். அடுத்த வாரம் அதற்கு மேலே இன்னொன்று.

"பராமரிப்புன்னா என்னன்னு நினைச்சீங்க?" என்று சங்கக் கூட்டத்தில் கேட்டார். "உங்க வண்டி ஆயில் குடிக்குது. என் வண்டி ஆயில் குடுக்குது."

கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து டீ வரவேண்டியிருந்தது.

இதே சமயத்தில் வீட்டில் இன்னொரு விவகாரமும் வளர்ந்துகொண்டிருந்தது. டிராக்டரில் ஊற்றிய டீசல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. அத்தானின் சந்தேகம் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து என்மேல் உட்கார்ந்தது. நான் தினமும் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வருகிறவன். பையில் பாட்டில் வைத்திருப்பவன். வேறென்ன சாட்சி வேண்டும்?

"மாப்ளே, பாட்டில்ல என்ன?"

"தண்ணி, அத்தான்."

"மூடியைத் திற."

திறந்தேன். மோந்து பார்த்தார். தைலம் தடவிய மூக்குக்குத் தைலத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை போலும். "ஏம்மா, நீ மோந்து சொல்லு" என்று அக்காவிடம் நீட்டினார்.

"தண்ணிங்க. அவன்கிட்ட இருக்கறது ஒரு ஓட்டை சைக்கிள். அதுல எங்க போய் டீசல் ஊத்துவான்?"

"விக்கலாமில்ல?"

மறுநாள் டீசல் டாங்க் மூடியில் ஒரு பூட்டுத் தொங்கியது. பெட்டிக்கடை கல்லாவுக்குப் போடுகிற பெரிய பித்தளைப் பூட்டு. சாவி அத்தானின் சட்டைப் பையில். டீசல் ஊற்ற வேண்டுமென்றால் அக்கா அவரை எழுப்ப வேண்டும். பூட்டிய பிறகும் டீசல் அதே வேகத்தில் தீர்ந்தது. நான் கைதேர்ந்த திருடன் என்று அத்தானுக்கு உறுதியாயிற்று.

ஆயில் ஏறியது; டீசல் இறங்கியது. முன்னது பெருமை, பின்னது திருட்டு. பெருமையையும் திருட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

பிறகுதான் முள் இறங்கியது.

டிராக்டரின் முன்பலகையில் ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்று இருக்கிறது. காலையில் வண்டியைக் கிளப்பினால் முள் பச்சையில் நிற்கும். கொஞ்ச நேரம் உழுது எஞ்சின் சூடானதும், தூக்கம் வந்த குழந்தையின் தலை மாதிரி மெல்லச் சரிந்து சிவப்பில் விழும். அக்கா உடனே எஞ்சினை நிறுத்திவிட்டாள். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓட்டினால் உள்ளே இரும்போடு இரும்பு உரசி, ஒரே நாளில் எஞ்சின் கட்டியாகிவிடும். பாதி உழுத நிலத்தை அப்படியே விட்டு, இன்னொருவர் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அத்தான் சங்கத்தின் ஆஸ்தான மெக்கானிக்கை வரவழைத்தார். அவருக்கு ஊரில் 'பிரசங்கி' என்று பெயர். பானெட்டைத் திறக்கும் முன் ஒரு சொற்பொழிவு, மூடிய பின் ஒன்று. நடுவில் ஃபில்டரை மாற்றினார். எஞ்சினில் காதை வைத்துக் கேட்டார். கண்ணை மூடினார்.

"ஆயில் மட்டம் குறையுதா, தலைவரே?"

"குறையறதா! ஏறுது!"

பிரசங்கி விழுந்து விழுந்து சிரித்தார். தலைவர் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துவிட்டார். தலைவரும் கூடச் சிரித்தார். அந்த வீட்டில் அந்த மாதம் முழுக்கச் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான தகவல், அந்தச் சிரிப்பில் கரைந்துபோயிற்று.

"பேரிங் போச்சு" என்றார் பிரசங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பேரிங் போனா கிராங்க் போச்சு. கிராங்க் போனா என்ன மிச்சம்? வண்டி தன் கடமையை முடிச்சிருச்சுன்னு எடுத்துக்கணும்."

அக்கா டயரில் சாய்ந்து நின்றாள். எஞ்சினை முழுசாகப் பிரித்து வேலை பார்க்க வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும். வண்டி இல்லையென்றால் அடுத்தது என்ன என்பதும் தெரியும். கல்யாணத்துக்கு முன் அவள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஜன்னல் இல்லாத ஒரு ஹாலில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பசை தடவினாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். அங்கே இப்போதும் ஆள் எடுக்கிறார்கள்.

அத்தான் மறுநாள் மதியத்துக்கே இரும்புக்கடை லாரிக்குச் சொல்லிவிட்டார். சாவு என்று தெரிந்தபின் தள்ளிப்போடுவது அநாகரிகம் என்பது அவர் கட்சி. சங்கத்தில் ஒரு இரங்கல் உரைகூடத் தயாராகிக்கொண்டிருந்தது.

"லாரி வர்ற வரைக்கும் அது என் வண்டி" என்றாள் அக்கா. "அதுவரைக்கும் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது. தம்பி, நீ மட்டும் வா. ஸ்பேனர் பெட்டியைத் தூக்கு."

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தோம். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் மணியடிப்பது முதல் மாற்றுச் சான்றிதழ் எழுதுவது வரை பார்க்கிற குமாஸ்தா. எனக்கு ஸ்பேனரில் தெரிந்ததெல்லாம் அது கனமாக இருக்கும் என்பதுதான். அக்கா கேட்கிற நம்பரைத் தேடி எடுப்பதற்குள் அவளே எடுத்துவிடுவாள்.

"முதல்ல மீட்டரைச் சந்தேகப்படணும்" என்றாள். "நோயாளியைப் பாக்கறதுக்கு முன்னாடி தர்மாமீட்டர் நல்லாருக்கான்னு பாக்கணும்ல?"

ஐஸ் கம்பெனி ஜெனரேட்டரில் மாட்டுகிற அழுத்தமானி ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தாள். பழைய மீட்டரின் குழாயைக் கழற்றி அதில் இதை மாட்டினாள். எஞ்சின் கிளம்பியது, முள் நின்றது. சூடானதும் இந்த முள்ளும் அதே மாதிரி படுத்தது.

"மீட்டர் உண்மையைத்தான் சொல்லுது, பாவி" என்றாள்.

அடுத்தது ரிலீஃப் வால்வு. அழுத்தம் எல்லை மீறினால் ஆயிலைத் திருப்பி விடுகிற சின்ன வால்வு. அதில் குப்பை சிக்கித் திறந்தபடி நின்றுவிட்டால் அழுத்தமே ஏறாது. "இதுதான். சத்தியமா இதுதான். பந்தயம் கட்டறியா?" என்றாள். கழற்றினாள். ஸ்பிரிங் கம்பீரமாக இருந்தது. உள்ளே ஒரு தூசி இல்லை. கழுவி மாட்டி மறுபடி ஓட்டியபோது முள் பழையபடி படுத்துக்கொண்டது.

"பந்தயம் கட்டியிருக்கலாம்" என்றேன்.

"வாயை மூடுடா வெளக்கெண்ணெய்."

மணி ஏறிக்கொண்டே போனது. அக்கா முகமெல்லாம் கரி, கழுத்தெல்லாம் வியர்வை. கொட்டகைச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரித்தாள். பசை ஞாபகம். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கைக்கெட்டும் தூரத்து ஆணியில் அத்தானின் கைக்குட்டை தொங்கியது. முகத்தைத் துடைக்க அதை உருவினாள். துடைக்கப் போன கை மூக்கருகே நின்றது. மறுபடி மோந்து பார்த்தாள். பிறகு வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க! இந்தக் கைக்குட்டையால டீசல் டாங்க்கைத் துடைச்சீங்களா?"

உள்ளேயிருந்து இரங்கல் உரை ஒத்திகை நின்றது. அத்தான் ஜன்னலில் தோன்றினார். "நான் எதுக்கு டாங்க்கைத் துடைக்கறேன்? அது ஆயில் இலாகா கைக்குட்டை. கம்பியைத் தவிர வேற எதையும் தொட்டதில்ல."

"பின்ன எப்படி இதுல டீசல் நாறுது?"

அத்தான் பதில் சொல்வதற்குள் அக்கா எழுந்து, இத்தனை வருடமாகத் தொடக்கூடாத கம்பியைத் தொட்டாள். உருவினாள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி, அத்தான் அரத்தால் போட்ட கோடுகளையும் தாண்டி நின்றது. கம்பியிலிருந்து பிசுபிசுவென்று இறங்க வேண்டியது, மழை நின்றபின் கூரையிலிருந்து சொட்டுகிற மாதிரி சொட்டியது.

"என்ன கோடு இதெல்லாம்?"

"சாதனை" என்றார் ஜன்னல்.

அக்கா ஒரு பழைய செய்தித்தாளைக் கிழித்து அதில் ஒரு சொட்டு விட்டாள். நடுவில் கறுப்பாகச் சின்ன வட்டம் உட்கார்ந்தது. அதைச் சுற்றி ஈரம், அவசர வேலை இருக்கிற மாதிரி, அகலமாக ஓடிப் பரவியது. நல்ல ஆயில் இப்படி ஓடாது. நடுவில் உட்கார்ந்தது ஆயில், ஓடியது டீசல்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பூட்டைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.

"தம்பி, நீ திருடன் இல்லடா" என்றாள் அக்கா.

"எனக்கு முன்னாடியே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றேன்.

விஷயம் இவ்வளவுதான். டாங்க்கிலிருந்து டீசலை இழுத்து எஞ்சினுக்குக் கொடுக்கிற ஒரு கையகல ஃபீட் பம்ப் எஞ்சினின் விலாவில் இருக்கிறது. அதற்குள் ஒரு ரப்பர் தோல் துடித்துத் துடித்து டீசலைத் தள்ளும். அந்தத் தோல் கிழிந்தால், டீசல் போகிற வழியை விட்டுவிட்டு எஞ்சினுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற ஆயிலோடு கலந்துவிடும். மட்டம் ஏறும். ஆயில் நீர்க்கும். குளிர்ந்திருக்கும்போது சமாளிக்கும், சூடானால் தண்ணீராகி, அழுத்தம் நிற்காது. பேரிங்கும் போகவில்லை, கிராங்க்கும் போகவில்லை. அத்தானின் அற்புதம் அத்தானின் டீசலிலேயே நடந்துகொண்டிருந்தது.

பம்ப்பைக் கழற்றிப் பிரித்தாள். ரப்பர் தோலில் நகக்குறி மாதிரி ஒரு கிழிசல். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கிழிசல் வழியாக வானம் தெரிந்தது. அக்கா சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"பாத்தீங்களா! ஏங்க, இங்க வந்து பாருங்க! உங்க பால்மாடு எங்க சுரக்குதுன்னு வந்து பாருங்க!"

நான் ஓட்டை சைக்கிளை எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் பறந்தேன். கடைக்காரர் கிழிந்த தோலை விரலில் மாட்டிப் பார்த்து, "இதுக்கா லாரி வருது?" என்றார். ஊருக்கே தெரிந்திருந்தது. புதுத் தோலோடு நான் திரும்பியபோது அக்கா எஞ்சினின் அடிநட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை இறக்கிக்கொண்டிருந்தாள். வாளி நிறைந்தது. பேசினை வைத்தாள். அதுவும் நிறைந்தது. தன் வாழ்நாள் சாதனை ரசம் மாதிரி வழிந்தோடுவதை அத்தான் நின்று பார்த்தார். அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல எனக்குத் தோன்றியது. பாட்டில் மூடியைத் திறக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

புது ஆயில் ஊற்றி, தோலை மாற்றி, பம்ப்பை மாட்டி, அதன் கைப்பிடியை அடித்து அடித்துக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினாள். "சாவியைக் குடுங்க, கொஞ்சம் டீசல் ஊத்திக்கறேன்" என்று கேட்டாள்.

"போற வண்டிக்கு எதுக்கு டீசல்?" என்றார் அத்தான், மிச்சமிருந்த ஒரே அதிகாரத்தைச் சட்டைப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. "முதல்ல ஓடட்டும். அப்புறம் பாக்கலாம்."

அந்த நேரத்தில் லாரி உள்ளே நுழைந்தது. பின்னாலேயே கடைசி மரியாதை செலுத்தப் பிரசங்கியும் வந்தார்.

அக்கா ஏறி உட்கார்ந்து கிளப்பினாள். எஞ்சின் ஒரு முறை கறுப்பாகப் புகை கக்கி, தெளிந்தது. முள் எழுந்து நின்றது.

"குளிர்ல நிக்கும், தங்கச்சி" என்றார் பிரசங்கி. "சூடாகட்டும். சூடானாத்தான் சாயம் வெளுக்கும்."

"இருந்து பாருங்கண்ணே. அவசரம் ஒண்ணுமில்லயே?"

எல்லோரும் நின்று ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லாரியில் கூட வந்திருந்த இரும்புக்கடைக்காரர் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். முள் அசையவில்லை. அத்தான் மீட்டரை விரலால் சுண்டினார். முள் அசையவில்லை. கடைசியில் லாரிக்காரர் பொறுமை இழந்து, "இது சாகற கேஸ் இல்லம்மா. நான் கிளம்பறேன்" என்று வண்டியைப் பின்னால் எடுத்தார். வண்டி கழுவுகிற இடத்தின் சேற்றில் லாரியின் பின்சக்கரம் அச்சு வரை இறங்கி, அங்கேயே சுழன்றது.

அக்கா ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். இப்படி ஒரு நாள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

"சங்கிலி வச்சிருக்கீங்களா?" என்று லாரிக்காரரைக் கேட்டாள், தேனொழுக.

வைத்திருந்தார். செத்த டிராக்டரைக் கட்டி ஏற்றுவதற்காகக் கொண்டுவந்த சங்கிலி. அதே சங்கிலியில் லாரியைக் கட்டினார்கள். அக்கா கியரைப் போட்டாள். பின் டயர்கள் மண்ணைக் கவ்வின. முன்பக்கம் ஒரு சாண் எழும்பியது. எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது. கொதிக்கக் கொதிக்க, முழுப் பாரத்தோடு, முள் பச்சையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. லாரி வெட்கத்தோடு சேற்றிலிருந்து வெளியே வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கூடியிருந்தவர்கள் விசிலடித்தார்கள். நான் அழவில்லை, கண்ணில் புகை பட்டது.

"பேரிங்கண்ணே, எப்படி இருக்கீங்க?" என்றாள் அக்கா, இருக்கையில் இருந்தபடியே.

"டீசல் கலந்திருக்கும்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றார் பிரசங்கி. "தலைவர் ஜோக் சொல்லிக் கெடுத்துட்டார்."

தலைவர் அங்கே இல்லை. விசில் சத்தம் கேட்டதுமே அவர் கழுத்து பழையபடி பின்னால் சாய்ந்துவிட்டிருந்தது. இரங்கல் உரைக்காகக் கூடியிருந்த சங்கத்துக்கு விரைந்திருந்தார்.

"ஏறுடா" என்றாள் அக்கா. "தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

மட்கார்டில் தொற்றிக்கொண்டேன். உதிரிபாகக் கடைக்காரர் வெளியே வந்து கும்பிட்டார். அட்டைப்பெட்டிக் கம்பெனி வாசலில் அக்கா ஹாரனை விடாமல் அடித்தாள். காவலாளி பயந்து கேட்டைத் திறந்துவிட்டார். தையல்கடை, சலூன், மாவு மில் என்று ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்று கையசைத்தார்கள். முள் அசையவே இல்லை. அப்படியே சங்கக் கட்டடம் இருக்கும் தெருவுக்குத் திரும்பினோம்.

அத்தான் படிக்கட்டில் நின்றிருந்தார். கீழே உறுப்பினர்கள் எல்லோரும் இருந்தார்கள். "...இதுதான் பராமரிப்பு! என் மேற்பார்வையில் மறுபிறவி எடுத்த அந்த இயந்திரம், இதோ..." என்று கையை நீட்டினார்.

நாங்கள் வந்தோம். கூட்டம் வழிவிட்டது. கைதட்டல் எழுந்தது. அக்கா முதுகை நிமிர்த்தினாள்.

எஞ்சின் ஒரு முறை இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றுவிட்டது. முள் மெல்லச் சரிந்து சிவப்புக்கும் கீழே போய்ப் படுத்தது.

"பேரிங்!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அக்கா இறங்கினாள். படியேறி, அத்தானின் முன்னால் கையை நீட்டினாள்.

"சாவி."

டாங்க்கில் டீசல் இல்லை.